ஒலிபெருக்கி நின்ற முக்கால் மணித்தியாலம்

அந்த அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பம் எழுதியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொன்னால் ஒளித்து வைத்திருந்து சொன்னதுபோல ஆகிவிடும்.

அறுபதுகளின் பிற்பாதி. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலுக்குள் தனித்துக் கிடக்கும் எங்கள் தீவில் அப்போது மின்சாரம் இல்லை. ஆனால் அம்மன் கோயிலில் கொடி ஏறிவிட்டால் சத்தத்துக்கு மட்டும் ஒரு குறையும் இராது. யாழ்ப்பாணத்து ஒலிபெருக்கிக்காரர் ஜெனரேற்றரோடும் இரண்டு பெட்டி இசைத்தட்டோடும் வள்ளத்தில் வந்து இறங்குவார்கள். வீதியில் நிற்கும் பனைகளின் உச்சியில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவார்கள். விடியக் கருக்கலில் தொடங்கும் பாட்டு, இரவு பத்து மணிக்குத்தான் ஓயும். அதுவும் சட்டம் ஓயச் சொன்னபடியால் ஓய்வது. விட்டால் எங்கள் ஆட்கள் நயினாதீவு அம்மனுக்கும் கேட்கட்டும் என்று விடியவிடியப் போடக்கூடியவர்கள்.

ஒலிபெருக்கி வைக்கப் பொலிசில் அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு ஊர்காவற்றுறைக்கு வள்ளம் ஏற வேண்டும். விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும். கிராமச் சபைக் கந்தோரில் கிளாக்கராக இருந்த என்னிடந்தான் கோயில்காரர் வருவார்கள். எனக்கும் அதில் ஒரு புழுகம், ஒரு பெருமை. பெரிய தொண்டை, நல்ல கையெழுத்து, சட்டம் பேசுகிற வாய் மூன்றும் எனக்கு இருந்தன. மூன்றாலும் நான் கெட்டேன்.

அனுமதிக்கு நிபந்தனைகள் உண்டு. பத்து மணிக்குப் பிறகு கூடாது. பள்ளிக்கூட நேரத்தில் பள்ளிக்கூடத்தின் பக்கம் குழாய் பார்க்கக் கூடாது. நோயாளர் தங்கும் ஆசுப்பத்திரிக்குக் கிட்ட வைக்கவே கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைதான் எங்களுக்கு இடைஞ்சல். கோயில் வீதியில் நின்று பார்த்தாலே எங்கள் சின்ன ஆசுப்பத்திரியின் ஓடு தெரியும். நான் சங்கிலி பிடித்து அளந்தும் பார்த்தேன். தூரம் காணாது, சட்டம் கேட்ட அளவுக்குக் குறைவு.

காணாத தூரத்தை நான் பேனையால் காணச் செய்தேன். “அருகில் ஒரு மருந்துச்சாலை உண்டு, நோயாளர் தங்குவதில்லை” என்று எழுதினேன். உள்ளே ஆறு கட்டில் கிடந்தது எனக்குத் தெரியும். ஆனால் அநேகமான நாட்களில் அவை வெறுங்கட்டில்கள்தானே, கடுமையான வருத்தக்காரரை எல்லாம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அனுமதி வந்தது. எழுதியதை நம்பித் தந்தவர்களைப் பிழை சொல்ல ஏலாது. கோயில் மனேச்சர் என் முதுகில் தட்டி, “கிளாக்கர், நீர் ஆள் விண்ணன்” என்றார். ஒரு கிழமை அந்தப் புகழிலேயே நடந்து திரிந்தேன்.

கொடியேற்றத்துக்கு முந்திய கிழமை என் மனைவி முற்றத்தில் விறகு கொத்தினாள். உடைந்த வள்ளமொன்றின் பழைய பலகைகள். அதில் இருந்த துருவேறிய ஆணி ஒன்று அவளுடைய குதிக்காலில் ஏறிவிட்டது. இழுத்து எறிந்துவிட்டு மஞ்சளைச் சுட்டு வைத்துக் கட்டிக்கொண்டாள். துரு ஆணி குத்தினால் போடுகிற ஏற்பூசி போடுவோம் வா என்று கூப்பிட்டேன். “இந்தக் கீறலுக்கு ஊசியோ? திருவிழாவுக்கு எவ்வளவு வேலை கிடக்கு” என்றாள். நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாந் திருவிழா அன்று காலை அவளால் வாய் திறந்து சாப்பிட முடியவில்லை. தாடை இறுகிவிட்டது என்று கையால் காட்டினாள். “வாய் திறக்காத பெண்சாதி வேணுமெண்டு எத்தினை பேர் தவம் கிடக்கிறாங்கள், எனக்குச் சும்மா கிடைச்சிருக்கு” என்று பகிடி விட்டேன். அவளும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு முகத்தில் ஒரு பக்கமாக இழுபட்டு அப்படியே நின்றது. அதைக் கண்டதும் அவளை ஆசுப்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆசுப்பத்திரியில் அப்போத்திக்கரி ஐயா பார்த்தார். டாக்குத்தர் இல்லாத எங்கள் தீவுக்கு அவர்தான் டாக்குத்தர். என்னை வெளியே கூட்டிவந்து சொன்னார்:

“தம்பி, இது ஏற்பு வலி, துரு ஆணியாலை வந்தது. இனி இவவுக்கு வெளிச்சம் ஆகாது, ஆள் தொட ஆகாது, எல்லாத்தையும்விடச் சத்தம் ஆகாது. ஒரு வாளி விழுந்தாலே உடம்பை முறுக்கி வலி வரும். ஒவ்வொரு வலியும் மூச்சை அமத்திப்போட்டுத்தான் விடும். ஒருக்கால் விடாமலும் போகும்.”

“யாழ்ப்பாணம் கொண்டுபோவமே ஐயா?”

“சோழகக் காத்து அடிக்கிற கடல். அந்த எஞ்சின் சத்தத்துக்கையும் ஆட்டத்துக்கையும் ஏத்தினால் நடுக்கடல் தாண்டா. மருந்துக்கு ஆள் அனுப்பிப்போட்டன். மூண்டு நாளிலை வந்திடும். அதுமட்டும் சத்தம் சந்தடி இல்லாமல் வைச்சிருந்தால் பிழைக்க வழியிருக்கு.”

எனக்கு அவளைவிட வேறு யாரும் இல்லை. கலியாணம் முடித்து ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை. அவளுக்கும் என்னைவிட்டால் தீவின் மேற்குக் கரையில் இருந்த தமக்கை ஒருத்திதான். தாயில்லாத அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அந்தத் தமக்கை. நோயாளியிடம் யாரும் வரக் கூடாது என்று அப்போத்திக்கரி ஐயா தடுத்தபடியால், தமக்கை தன் வீட்டிலேயே விரதம் இருந்துகொண்டு நேரத்துக்கு நேரம் ஆள் அனுப்பி விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மருந்துச் சாமான் வைக்கிற அறையை ஒழித்து அவளைக் கிடத்தினோம். யன்னலுக்குச் சாக்குத் தைத்துக் கட்டினோம். வாளிப் பிடிக்குச் சீலை சுற்றினோம். நானும் அற்றன்டன் மனிசியும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தோம். எல்லாம் செய்தோம். ஆனால் கூரைக்கு மேலால் பாட்டு வந்துகொண்டே இருந்தது.

பாட்டு ஒரே சீராகப் போனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இசைத்தட்டு மாற்றும்போது ஊசி கீறும் சத்தம் வரும். யாரோ ஒருவன் “ஹலோ ஹலோ” என்று மைக்கைத் தட்டுவான். அந்த நேரத்தில் அவளுடைய உடம்பு தலையிலும் குதியிலும் ஊன்றிக்கொண்டு வில்லாக வளைந்து எழும்பும். முகம் நீலம் பாயும். கண் மட்டும் முழுநினைவோடு என்னைப் பார்க்கும். இந்த வருத்தத்தில் நினைவு தப்பாது. அதுதான் இதன் பொல்லாத குணம். தொட்டால் இன்னும் கூடும் என்று என் கையை நானே பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆறாந் திருவிழா எப்படியோ கழிந்தது. ஏழாந் திருவிழா அன்று காலை எட்டு மணிபோல மனேச்சரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுக் கண் கலங்கினார்.

“அண்ணை, இண்டைக்கு ஒருநாள் ஸ்பீக்கரை நிப்பாட்டுங்கோ. நாளைக்கு மருந்து வந்திடும்.”

“கிளாக்கர், உமக்குத் தெரியாததே? பத்து மணி மட்டும் பெர்மிற் இருக்கு. ஆசுப்பத்திரியிலை ஆக்கள் தங்கிறேல்லை எண்டு எழுதினனீர் நீர்தானே?”

“இப்ப என்ரை மனிசி அதுக்குள்ளை கிடக்கிறாள் அண்ணை.”

அவர் நிமிர்ந்து பனை உச்சியில் இருந்த குழாயைப் பார்த்தார். “குழாயை மற்றப் பக்கம் திருப்பச் சொல்லுறன். அதுக்கு மேலை என்னாலை ஏலாது. சாமிக்குத் தொடங்கினதை ஊரிலை சாவு விழுந்தால் ஒழிய இடையிலை நிப்பாட்டிறேல்லை. நான் உமக்காக நிப்பாட்டினால், நாளைக்கு இன்னொருத்தன் தலையிடி எண்டு வந்து நிப்பான். இண்டையத் திருவிழாவைச் செலவழிச்சுச் செய்யிற உபயகாரரும் கொழும்பிலையிருந்து வந்து நிக்கினம். உம்மடை மனிசிக்கும் சேர்த்துத்தான் அருச்சனை செய்யிறம், போம்.”

அந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. கோயில் சுற்றாடலில் ஒரு சாவு நடந்தால், பிரேதம் சுடலைக்குப் போகும்வரை பூசை இல்லை, மணி இல்லை, மேளம் இல்லை, பாட்டு இல்லை. பொலிசுச் சட்டத்துக்கு நெளிவுசுளிவு உண்டு. எழுதத் தெரிந்தவன் வளைக்கலாம். இந்தச் சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆகவே வளைக்கவும் வழியில்லை.

குழாயைத் திருப்பினார்கள். ஆனால் சோழகக் காற்றை யார் திருப்புவது? அது அள்ளிக்கொண்டு வந்து எங்கள் கூரையிலேயே கொட்டியது. பத்தரை மணிபோல உபயகாரரின் பெருமைகளை ஒருவர் மைக்கில் வாசிக்கத் தொடங்கினார். இழுத்து இழுத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அவர் நிறுத்தித் தொடங்கிய ஒவ்வொரு முறையும் அவளுக்கு வலி வந்தது. மூன்றாவது வலியில் நாக்குக் கடிபட்டு வாயோரம் இரத்தம் வடிந்தது. மூச்சு நின்று, நான் குலதெய்வத்தை எல்லாம் கூப்பிட்டு முடித்த பிறகுதான் திரும்பி வந்தது.

அப்போத்திக்கரி ஐயா என் காதுக்குள் சொன்னார்: “இன்னும் ரெண்டு இப்பிடி வந்தால் தாங்கமாட்டா.”

நான் ஓடினேன். சட்டை இல்லை, செருப்பில்லை. என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. காலில் விழுவதா, குழாய்க் கம்பியை அறுப்பதா, ஒன்றும் முடிவில்லை. மனேச்சர் மடப்பள்ளி வாசலில் நின்றார். நான் வந்த கோலத்தைப் பார்த்ததும் அவருடைய முகம் மாறியது. தோளில் கிடந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்தார்.

“என்ன கிளாக்கர்... முடிஞ்சுதோ?”

அவர் கேட்ட பிறகுதான் எனக்கு வழி தெரிந்தது. அதைவிட வேறு வழி இல்லையென்றும் தெரிந்தது.

“ஓம்” என்றேன்.

சொல்லிவிட்டு அழுதேன். அழுகை பொய்யில்லை. அவர் என் தோளைப் பிடித்தார். மற்றக் கையால் சால்வையை உயர்த்திக் காட்டினார். வாசித்துக்கொண்டிருந்தவர் சொல் முடியாமலே நின்றார். மேளம் நின்றது. ஐயர் திரையை இழுத்தார். நான் இருந்து கேட்கவில்லை, ஆசுப்பத்திரிக்குத் திரும்பி ஓடினேன்.

அறைக்குள் வந்தபோது அவளுடைய விரல்கள் விரிந்திருந்தன. இரண்டு நாளாகப் பொத்திப் பிடித்திருந்த விரல்கள். கடல் இரைச்சல் கேட்டது. காகம் ஒன்று கத்தியது, அதை அவள் தாங்கிக்கொண்டாள். மூச்சு நீளமாக வந்தது. நான் சுவரோரம் குந்தியிருந்து அவளையே பார்த்தேன். ஒருதரம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். என்ன செய்து நிற்பாட்டினாய் என்று கேட்கிறாள்போல இருந்தது. கெட்டிக்காரன் என்று சொல்கிறாள்போலவும் இருந்தது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. பொலிசை ஏமாற்றினேன், இப்போது சாமியையும் ஏமாற்றிவிட்டேன், நாளைக்கு மருந்து வந்த பிறகு மனேச்சர் காலில் விழுந்து எழும்பினால் போயிற்று, திட்டுவார், தள்ளி வைப்பார், வைக்கட்டும் என்று கணக்குப் போட்டேன். ஒரு முக்கால் மணித்தியாலம் அப்படி இருந்திருப்பேன். அவளோடு நான் வாழ்ந்த ஆறு வருடத்தில் அந்த நேரத்தைப்போல அவளை நான் பார்த்ததில்லை.

என் புத்தி போன பாதையில் ஊர் போகவில்லை. திருவிழா நாளில், பட்டப்பகலில், பாதிச் சொல்லில் ஒலிபெருக்கி நின்றால் எங்கள் தீவில் யாருக்கும் இழவு சொல்லத் தேவையில்லை. அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுப் படலைக்கு வந்து “ஆர்?” என்று கேட்பார்கள். “கிளாக்கற்றை மனிசியாம்” என்ற பதில் மதிலுக்கு மதில் தாவி மேற்குக் கரைக்குப் போக எத்தனை நேரம் வேண்டும்? நான் ஒருவரிடம் சொன்ன பொய்யை, ஊரின் வாயை மூடியே ஊர் முழுக்கப் பரப்பிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் கெட்டால் நுணலோடு போகும்.

முதலில் தூரத்தில் ஒரு இரைச்சல்போலத்தான் கேட்டது. காற்று என்று நினைத்தேன். பிறகு அதற்குள் பெண்குரல்கள் தெரிந்தன. பிறகு ஒரு குரல் தனியாகத் தெரிந்தது. “என்ரை ராசாத்தி, என்னை விட்டிட்டுப் போட்டியோடி” என்ற அந்தக் குரல் அவளுடைய தமக்கையின் குரல்.

திரும்பி அவளைப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. விரல்கள் மெல்ல மடங்கத் தொடங்கின.

நான் வெளியே பாய்ந்தேன். ஒழுங்கை நிறையச் சனம். முன்னால் தமக்கை, தலைவிரிகோலமாய், மார்பில் அடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் இருபது முப்பது பெண்கள் ஒப்பாரி சொல்லிக்கொண்டு வந்தார்கள். நான் படலையை மறித்து நின்று இரண்டு கையையும் விரித்தேன். கத்த முடியாது, கத்தினால் உள்ளே கேட்கும். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். குசுகுசுத்தேன்.

“சத்தம் போடாதேங்கோ... அவள் இருக்கிறாள்... உயிரோடை இருக்கிறாள்...”

கேட்ட ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னாள்: “ஐயோ, பாவம், இருக்கிறாள் எண்டுறான். மனிசனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுது.” அதைக் கேட்டதும் அழுகை இன்னும் உச்சத்துக்கு ஏறியது. தமக்கை என்னைக் கட்டிக்கொண்டு, “தம்பி, என்ரை பிள்ளையைக் காட்டு” என்று கதறினாள். நான் அவளுடைய வாயைப் பொத்தினேன். என்னை இரண்டு ஆண்கள் பிடித்து இழுத்தார்கள். கிளாக்கரைப் பிடியுங்கோ, கிணற்றுக்குள் விழுந்துவிடுவான் என்று யாரோ சொன்னார்கள். நான் விழுந்து கும்பிட்டேன். நிலத்தில் நெற்றியை அடித்தேன். அதையும் துக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். நான் செய்த எதுவும் சாவு விழுந்த வீட்டுக்காரன் செய்யாததாக இல்லை.

கடைசியில் எனக்குப் பொறுக்கவில்லை. “வாயை மூடுங்கோடி!” என்று கத்தினேன். கந்தோரில் கூப்பிட்டால் துறைமுகத்தில் கேட்கும் என்று பகிடி பண்ணுவார்களே, அந்தத் தொண்டை முழுவதையும் திறந்து கத்தினேன்.

எல்லோரும் வாயடைத்துப் போனார்கள். அந்த அமைதிக்குள் உள்ளே இரும்புக் கட்டில் தரையில் அடிபடும் சத்தம் கேட்டது. டக், டக், டக் என்று கொஞ்ச நேரம் அடித்தது. பிறகு நின்றது. அது என்ன சத்தம் என்று எனக்கு மட்டுந்தான் தெரிந்தது.

அப்போத்திக்கரி ஐயா வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார். நான் சொன்ன பொய் ஒரு மணித்தியாலம்கூடப் பொய்யாக இருக்கவில்லை. அப்போத்திக்கரி ஐயா வாய் திறக்காதவரை இனி அதை யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது.

எந்தச் சத்தம் அவளைக் கொண்டுபோனது, தமக்கையின் அழுகையா என் கத்தலா என்று பிறகொருநாள் அப்போத்திக்கரி ஐயாவைக் கேட்டேன். “இந்த வருத்தத்திலை அப்பிடிச் சொல்ல ஏலாது தம்பி. ஸ்பீக்கர் நிக்காட்டிலும் போயிருக்கலாம்” என்றார். நல்ல மனிதர். அடுத்த வருடம் மாற்றலாகிப் போனார்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று மனேச்சர் சபையில் வைத்து என்னைப் புகழ்ந்தார். “அந்தத் துயரத்துக்குள்ளையும் கோயிலுக்குச் சாவுத் துடக்கு வந்திடக் கூடாதெண்டு, சாவு விழுந்த கையோடை ஓடிவந்து சொன்ன மனிசன். இப்பிடி ஒரு பக்தியை நான் காணேல்லை” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் இருந்த இடத்தில் நிலம் பிளக்கவில்லை. பிளக்கும் என்று எதிர்பார்த்தேன்.

நான் பிறகு விண்ணப்பம் எழுதவில்லை. வேறொருவர் எழுதினார். என் பழைய பிரதியைப் பார்த்துச் சொல் மாறாமல் எழுதினார். அனுமதி வந்தது.

நான் மறுமணம் செய்யவில்லை. திவசத்துக்குத் திவசம் தமக்கை வருவாள். எழுபதுகள் முழுக்க வந்தாள். கால் ஏலாமல் போன பிறகும் வண்டி பிடித்து வந்தாள். சமைப்பாள், படைப்பாள், தங்கச்சியின் படத்துக்கு முன்னால் அழுவாள். சத்தமில்லாமல் அழுவாள். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து எனக்குச் சோறு போடும்போது ஒவ்வொரு வருடமும் ஒரே கதையைத்தான் சொல்லுவாள்.

“தம்பி, எனக்கு மற்றதொண்டும் மனவருத்தமில்லை. கொஞ்சம் முந்தி வந்திருந்தால் கடைசி நேரத்திலை என்ரை குரலையாவது கேட்டிருப்பாள். கேக்காமல் போட்டாளே பிள்ளை.”

கேட்டாள் அக்கா, உங்கள் குரல் வந்தபோது அவளுக்குக் கண் திறந்திருந்தது என்று சொல்ல வாயெடுப்பேன். அவள் கறியை அள்ளி என் சோற்றில் விட்டு, “சாப்பிடு தம்பி” என்பாள். நான் சாப்பிடுவேன்.